தொந்தோன் திலே என்றொரு குதிரை ஓடவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்தேன் என்று பிறகு யாரும் குறைசொல்லக் கூடாது. ஒருவர் ஒரு குதிரையின் பெயரைத் தப்பாக வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அவரைத் திருத்தவில்லை. அதற்குமேல் இதில் கற்பனைக்கு அதிக வேலை இல்லை. இருந்த கொஞ்ச வேலையையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று கதாநாயகி சொல்கிறாள்.

கதாநாயகி எதிர்வீட்டிலேயே குடியிருப்பது எழுத்தாளனுக்குப் பெரிய தொல்லை. மார்லேன் அஸோர் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். நான் தமிழில் எழுதியதை இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிக் காட்டவேண்டும். அவள் வெனிலாத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்பாள். பிடிக்காத இடம் வந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள்.

எழுதிப் பார்த்த முதல் வரிகளில் சில:

சனிக்கிழமை விடிந்தால் போர்ட் லூயிஸ் நகரம் முழுவதும்

(சுற்றுலாத் துறையிலிருந்து யாரோ எழுதியது போல இருந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.)

மைக்கைப் பிடித்தபோது மார்லேனின் கை நடுங்கியது. அவள் கண்களில்

(டம்ளர் கீழே வைக்கப்பட்டது.)

"யோவ் வாத்தியாரே, என் கை எப்பய்யா நடுங்குச்சு?"

"கொஞ்சம் பதற்றம் இருந்திருக்கும்ல?"

"பதற்றம் உனக்கு. எனக்குப் பசி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை, அதை எழுது. கண்ணுல என்ன? கண்ணீர்னு மட்டும் எழுதினே, இந்த டீ மொத்தமும் உன் காகிதத்து மேலதான்."

ஆகவே திருத்திக்கொள்கிறேன். கை நடுங்கவில்லை. பசி இருந்தது. கண்களில் ஒன்றும் இல்லை.

(அவள் என்னை வாத்தியாரே என்பது மரியாதையால் அல்ல. நான் இந்தத் தீவுக்குத் தமிழ் வாத்தியாராக வந்தவன்; வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை. திரும்பாததற்குக் காரணமான பெண்மணி உள்ளே வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதையில் தலைகாட்ட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

2

ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் மனிதர்கள் இரண்டு வகை. மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், திடலில் நிற்பவர்கள். மாடத்துக்குக் கூரை உண்டு, நாற்காலி உண்டு, வெள்ளைத் துணி விரித்த மேசை உண்டு. திடல் என்பது குதிரை ஓடும் தடத்துக்கு நடுவே கிடக்கும் புல்வெளி. உள்ளே வர யாரும் காசு கேட்பதில்லை. நகரத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், மீதிப் பேர் மலைச் சரிவில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

மாடத்துக்காரர்களுக்குக் குதிரை ஒரு பக்கம் வரும், இன்னொரு பக்கம் போகும். எங்களை அது வலம் வரும். கோயிலில் நாம் சுற்றுகிறோமே, அதே திசையில்தான் இங்கே குதிரை ஓடுகிறது, நடுவில் நிற்பது நாங்கள். முதன்முதலாக அங்கே நின்று, ஓடும் குதிரைகளோடு சேர்ந்து நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுத் திரும்பினேன். அன்று தலைக்கேறிய கர்வம் இன்றுவரை இறங்கவில்லை. இதை வகுப்பில் சொன்னபோது, "அது தலைசுத்தலா இருந்திருக்கும் சார்" என்றான் ஒருவன்.

குதிரைகள் வெளிநாட்டிலிருந்து ஆங்கிலப் பெயரோடு வந்து இறங்கும். திடலுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பெயர் கிரியோலாக மாறியிருக்கும். 'பிரின்ஸ் அஃபினிட்டி' என்று ஒரு குதிரை. திடல் அதைப் 'ப்ரேன்ஸ் பா ஃபினி' ஆக்கிவிட்டது. இளவரசர் முடிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாப் பந்தயத்திலும் முதலில் பறந்து, கடைசி நேரத்தில் மூச்சுவாங்கி நின்றுவிடும் குதிரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த ஜோசியனும் வைத்திருக்க முடியாது.

பிறகு ஒரு வருடம் 'தார்ன்டன்ஸ் டிலைட்' வந்தது. கறுப்புக் குதிரை. யாரையும் லட்சியம் செய்யாத முகம். பந்தயத் தாளைத் திடலுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது அலூடாக்காரர் இத்ரீஸ். அலூடா நம் ஊர்ப் பலூடாவுக்குத் தம்பி: பால், சப்ஜா விதை, சர்க்கரைப் பாகு. நாள் முழுவதும் அதைக் கலக்குகிறவர் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தாளுமாக வாசித்தார்: "தார்ன்ட... தொந்த... தொந்தோன் திலே!"

தொந்தோன் என்றால் மாமா. திலே என்றால் பால். பாலில் கைவைத்திருப்பவர் வாயில் வேறென்ன வரும்?

 திடலில் ஒருவன் கேட்டான்: "பால் மாமாவா? ஓட வந்தாரா, நமக்குப் பால் ஊத்த வந்தாரா?"

(கிரியோலில் இந்தச் சிலேடை கிடையாது. நான் சேர்த்தது. கை தானாகப் போய்விட்டது, மன்னிக்கவும்.)

அந்தக் குதிரை அன்று எல்லோருக்கும் பின்னால் கிளம்பி, பாதி வழி வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வளைவில் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது போல ஓடி இரண்டாவதாக வந்தது. இத்ரீஸ் கரண்டியை உயர்த்திச் சொன்னார்: "பால்காரர் லேட்டா வருவாரு. ஆனா வருவாரு!" அத்தோடு பெயர் நிலைத்துவிட்டது. தார்ன்டன் யார், அவருக்கு எதில் ஆனந்தம் என்று திடலில் ஒருவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'பால் மாமா' என்று முதலில் எழுதினேன். தமிழில் மாமா என்ற சொல்லுக்கு நேர்ந்திருக்கும் கதி உங்களுக்கே தெரியும். ஒரு கௌரவமான குதிரையை அந்தப் பேச்சில் இழுத்துவிட எனக்கு மனமில்லை. 'பால் சித்தப்பா' என்றால் செல்லமாக இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை. 'பால்காரப் பெரியப்பா' ஓடவே மாட்டார். ஈசிசேரில் சாய்ந்துகொண்டு விசிறி கேட்பார்.

தொந்தோன் அம்மாவுக்கு அண்ணனா, அப்பாவுக்குத் தம்பியா என்பது கிரியோலுக்கு ஒரு பொருட்டில்லை. தமிழுக்கு அது தெரிந்தாகவேண்டும். ஆகவே பெயர் வைத்தவரிடமே போய்க் கேட்டேன்.

"இத்ரீஸ் பாய், உங்க தொந்தோன் எந்த வழிச் சொந்தம்? அம்மா வழியா, அப்பா வழியா?"

"குதிரைக்கு எதுக்குங்க ஜாதகம்? பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஒரு அலூடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். இனி மொழிபெயர்ப்பதாக இல்லை. தொந்தோன் திலே தொந்தோன் திலேயாகவே இருக்கட்டும். உங்கள் நாக்கு ஒரு தடவை தடுக்கும், பிறகு பழகிவிடும்.

4

சுதந்திரம் கிடைத்துக் கொடி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்த வருடம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், தேடினால் கிடைக்காது. கொடி மாறினாலும் பந்தய வர்ணனை மாறவில்லை. ஒலிபெருக்கியில் பிரெஞ்சு வழிந்துகொண்டிருந்தது. மாடத்துக்குப் புரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். திடல் கண்ணால் பார்த்துக்கொள்ளுமாம்.

அந்த ஒலிபெருக்கியில் கிரியோல் வந்தது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். காணாமல் போன பிள்ளைகள். பிள்ளையைத் தொலைத்த தாயிடம் பிரெஞ்சில் பேசிப் பயனில்லை என்று பந்தயத்தை நடத்தும் மன்றத்துக்கும் தெரிந்திருந்தது. அந்த வேலைக்கு வைத்திருந்த ஆள்தான் மார்லேன். "சிவப்புச் சட்டை, ஒத்தைச் செருப்பு, அம்மா எங்கேன்னு கேட்டா வாயில கஜாக் பலகாரம் வச்சுக்கிட்டு பேசமாட்டேங்குது, யாருதுங்க இது?" என்று அவள் கேட்டால், பிள்ளையைத் தொலைக்காதவர்கள்கூட ஒரு தடவை தங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

மைக்கை அணைத்த பிறகு அவள் சும்மா இருக்கமாட்டாள். மாடத்தை ஒட்டி உயரத்தில் இருக்கும் அறிவிப்பு அறையின் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு ஓடும் பந்தயத்தைக் கிரியோலில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடியது. ஒரு பருவத்துக்குள் தடத்தைப் பார்க்கிறவர்களைவிட ஜன்னலைப் பார்க்கிறவர்கள் அதிகமானார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். சட்டசபையில்கூட ஒருவர் எழுந்து கேட்டார்.

மன்றத்தின் செயலாளர் முஸ்யே ஷாஸ்த்னே; முஸ்யே என்றால் பிரெஞ்சில் ஐயா. வெள்ளைக்காரர், ஐந்து தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். பச்சைத் தொப்பி போட்டிருப்பார். அவர் மார்லேனைக் கூப்பிட்டு, கிரியோலில் வர்ணிக்க ஒரே ஒரு பந்தயம் தருவதாகச் சொன்னார். அது சாதாரணப் பந்தயம் இல்லை. வருடத்தின் பெரிய பந்தயம், கோப்பை.

"ஒரு நிபந்தனை, மார்லேன். குதிரைப் பேரு தாள்ல இருக்கிற மாதிரியே வரணும். நீங்க எந்த மொழியில வேணா பேசுங்க. பேர்ல கைவைக்கக் கூடாது."

"வைக்கமாட்டேன், முஸ்யே."

"நல்லபடியா நடந்தா அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து மைக் உங்களுது. எல்லாப் பந்தயமும் கிரியோல்லதான். பிசகினா, நான் இருக்கிறவரைக்கும் இந்தப் பேச்சு திரும்ப வராது."

(இந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆளாக அல்ல, பாத்திரமாக. முதல் படியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். இவள் தடுக்கி விழட்டும் என்றே வருடத்தின் பெரிய பந்தயத்தைக் கொடுத்தார் என்று எழுதினேன். மார்லேன் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த ஆளு கெட்டவன் இல்லைய்யா. அவருக்கு என் வர்ணனையைக் கேக்கணும்னு ஆசை. ஆசைன்னு சொல்றதுக்கு வெக்கம்." அடுத்த படியில் அவரை நல்லவராக்கினேன். கதை வழுவழுவென்று ஆகிவிட்டது. இப்போது அவரைப் பாதியில் விட்டிருக்கிறேன். நீங்கள் பார்த்து முடிவுசெய்யுங்கள்.)

5

இந்தப் பகுதி குதிரையின் மனதுக்குள் போய் எழுதப்பட்டிருந்தது. கிழித்துவிட்டேன். நான்கு பக்கம் எழுதிய பிறகும் குதிரை புல்லைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

6

கோப்பை நாள். இத்ரீஸின் வண்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். திடலில் கால் வைக்க இடமில்லை. மைக்கில் ஒரு தட்டல் கேட்டது, பிறகு மார்லேனின் குரல். பிள்ளை தொலைந்தால் மட்டும் கேட்டுப் பழகிய அந்தக் குரல், எல்லா ஒலிபெருக்கியிலிருந்தும் ஒன்றாக வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்குங்க. குதிரைங்க கிளம்பப் போகுது."

திடல் அப்போது எழுப்பிய சத்தத்தை எழுத என்னிடம் சொல் இல்லை.  மைக்கில் கேட்டது என் மொழி இல்லை. ஆனாலும் என் வீட்டுப் பெண் மேடையேறியது போல இருந்தது.

"கதவு திறந்தாச்சு! பிரின்ஸ் அஃபினிட்டி முன்னாடி. சந்தைக்குப் போற பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடறான். பின்னாடி மத்தவங்க. யாரும் அவசரப்படலை. கடைசியில... கடைசியில தார்ன்டன்ஸ் டிலைட்."

அவள் பெயரைச் சரியாகத்தான் சொன்னாள். நான் சாட்சி. 'டிலைட்' என்று ஒவ்வொரு எழுத்தாக, தைத்த துணியில் ஊசியை எண்ணி எடுப்பது போலச் சொன்னாள். திடல் அதைக் கேட்டுச் சிரித்தது. "யாரைச் சொல்லுது? யாரு வீட்டு ஆளு?" என்றான் ஒருவன்.

குதிரைகள் எங்களை வலம் வந்தன. நாங்கள் திரும்பினோம். மலைப் பக்கம் போனபோது மலைச் சரிவு கத்தியது. கடைசி வளைவு வந்தது.

"வளைவு! வளைவு! இளவரசருக்கு மூச்சு வாங்குது, தலையைத் தூக்கிட்டான் பாருங்க! உள்பக்கம் நெரிசல். வெளிப்பக்கம் யாரு? வெளிப்பக்கம் யாரோ வர்றாங்க, கறுப்பா... யாரு அது..."

திடலில் அத்தனை பேருக்கும் தெரியும் யார் என்று. அத்தனை பேரும் அதைக் கத்தினார்கள். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே போய், அவள் வாய் வழியாக, ஒலிபெருக்கியில் திரும்பி வந்தது.

"அய்யோ, வந்துட்டார்யா! தொந்தோன் திலே! வழி விடுங்கடா, தொந்தோன் திலே வர்றார்! ப்ரேன்ஸ் பா ஃபினி, தள்ளிக்கோ! பால்காரர் வந்துட்டார், பாத்திரத்தை எடுத்துட்டு வாங்க! தொந்தோன்! தொந்தோன்! தொந்தோன் திலே!"

ஜெயித்தது. தெளிவாக ஜெயித்தது. இத்ரீஸ் ஒரு குடம் பாலையும் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டார். யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்தவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் என் சட்டையில் அவருடைய மிளகாய்ச் சட்னி இருந்தது.

மாடத்தில் மட்டும் அமைதி. அங்கே தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தொந்தோன் திலே என்ற பெயர் எந்த வரிசையிலும் இல்லை.

7

திங்கட்கிழமை. செயலாளரின் அறை. இதை எனக்குச் சொன்னது மார்லேன். நான் அங்கே இல்லை. ஆகவே அவள் பேசியவை கொஞ்சம் நன்றாகவே அமைந்திருக்கும்.

"கோப்பையை ஜெயிச்சது யாரு, மார்லேன்?"

"தொந்தோன் திலே, முஸ்யே."

"அப்படி ஒரு குதிரை ஓடலை."

"ஓடலையா? அப்ப சாயங்காலம் மாலை போட்டு ஊரெல்லாம் கூட்டிட்டுப் போனது கழுதையையா?"

"விளையாடாதீங்க. பேர்ல கைவைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பின்னே?"

"நான் கைவைக்கலை, முஸ்யே. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. வளைவுல அந்தக் குதிரையைப் பாத்தப்போ எனக்கு வேற பேரு தெரியலை. சத்தியமா தெரியலை."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, மாடத்தில் பெரிய மனிதர்கள் ரொம்பக் கோபமாக இருக்கிறார்கள் என்றாராம். எந்தக் குதிரை ஜெயித்தது என்றே புரியாமல் விழிக்கவேண்டியதாகிவிட்டதாம். தங்கள் மைதானத்தில், தங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"புரியலைன்னா பக்கத்துல இருந்தவரைக் கேட்டிருக்கலாமே, முஸ்யே. பச்சைத் தொப்பியைக் கழட்டி ஆட்டிக்கிட்டு 'ஆலே, ஓடு தொந்தோன்!'னு கத்தினவரை. என் ஜன்னலுக்கு நேர் கீழதான் நின்னாரு."

(அவர் கத்தினாரா? மார்லேன் சத்தியம் செய்கிறாள். வேறு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாடத்தில் இருந்தவர்கள் சொல்லமாட்டார்கள். கத்தியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரை வளர்த்த ஆயா, அவர் தோட்டம், அவர் சண்டை, அவர் கெட்ட வார்த்தை, எல்லாம் கிரியோல்தான். பிரெஞ்சு அவருக்குச் சட்டை மாதிரி. வெளியே போகும்போது போட்டுக்கொள்வது. ஆனால் கதாசிரியனுக்குத் தோன்றுவது ஆதாரம் ஆகாது.)

அவர் முகம் சிவந்ததாம். பிறகு, கிரியோலிலேயே, மெதுவாகச் சொன்னாராம்:

"நான் உங்களை விட்டுடப் பாக்கறேன், மார்லேன். புரிஞ்சுக்குங்க. சனிக்கிழமை முதல் பந்தயத்துக்கு முன்னாடி மைக்ல ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. 'போன சனிக்கிழமை கோப்பையை ஜெயிச்ச குதிரையின் பெயர் தார்ன்டன்ஸ் டிலைட், தொந்தோன் திலே என்றொரு குதிரை ஓடவில்லை.' அவ்வளவுதான். கிரியோல்லயே சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா மைக் உங்களுது, அன்னைக்கே எல்லாப் பந்தயமும் நீங்கதான்."

"சொல்லலைன்னா?"

"பிரெஞ்சு."

8

அந்த வாரம் முழுவதும் ஊரில் வேறு பேச்சில்லை. தால்பூரி வாங்க வரிசையில் நின்றால், முன்னால் இருப்பவர் திரும்பி "சொல்லுவாளா?" என்பார், பின்னால் இருப்பவர் "சொல்லமாட்டா" என்பார்.

பெயர் வைத்த இத்ரீஸே சொல்லிவிடு என்றார். எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார்.

"மார்லேன், பேரு நான் வச்சது. நானே சொல்றேன், ஓடலைன்னு சொல்லிட்டுப் போ. நான் கோவிச்சுக்க மாட்டேன், குதிரையும் கோவிச்சுக்காது. மைக் நம்ம கைக்கு வரட்டும். வந்தப்புறம் யாரு என்ன பண்ண முடியும்?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எப்படி பாய் சொல்றது? திடல்ல அத்தனை பேரு கண்ணால பாத்தாங்க. அந்தக் குதிரையே இல்லைன்னு நம்ம மொழியிலயே சொல்லணுமா? அதுக்குப் பேசாம பிரெஞ்சே இருக்கட்டும்!"

மார்லேன் என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை.

"நீ ஈசியா சொல்லிடுவே வாத்தியாரே. உன் மொழியில நீ நாள் முழுக்க எழுதறே, யாரும் கேக்கறதில்லை. எனக்கு அந்த மைக் வேணும்யா. பிள்ளைங்க தொலைஞ்சாத்தான் வாயைத் திறக்கணும்னு எவ்வளவு காலம் உக்காந்திருந்தேன் தெரியுமா? அந்தப் பந்தயம் ஓடினப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா? என் வாயிலேர்ந்து போற சத்தம் மலையில பட்டுத் திரும்பி வருது. என் பேச்சு. எங்க அம்மா மீன்காரன்கிட்ட பேசின பேச்சு. மலை அதைத் திருப்பிச் சொல்லுது!"

 இத்ரீஸ் தரையைப் பார்த்தார்.

"அந்த மைக்கை விடமாட்டேன்," என்றாள். பிறகு, "தொந்தோனையும் ஓடலைன்னு சொல்லமாட்டேன்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தும்.

அன்று அவளைப் பற்றி எனக்கு ஏற்பட்ட பெருமையை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

9

முடிவுகள்.

அ) அவள் சொல்லிவிடுகிறாள். ஒரு எழுத்துப் பிசகாமல். திடல் கேட்டுக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் போகவில்லை. பிறகு முதல் பந்தயம் கிரியோலில் ஓடுகிறது, அடுத்ததும், அதற்கடுத்ததும். சில வருடத்தில் மைதானத்தில் பிரெஞ்சு என்று ஒன்று

(நியாயமான முடிவு. எழுதும்போதே எனக்குக் கை வலித்தது.)

ஆ) அவள் சொல்ல மறுத்துவிட்டுப் படியிறங்கி வருகிறாள். திடல் அவளைத் தோளில் தூக்கிக்கொள்கிறது. ஒலிபெருக்கியில் பிரெஞ்சு வழிகிறது, கேட்க ஒருவரும்

(கைதட்டல் வாங்கும். ஆனால் அவளுக்கு மைக் வேண்டும் என்று சற்றுமுன்தான் சொன்னாள். தோளில் இடம் வேண்டும் என்று சொல்லவில்லை.)

இ) பச்சைத் தொப்பிக்காரர் அறிவிப்பு அறைக்குள் வந்து மைக்கை வாங்கித் தானே

(இதை நான் சொல்லிக் காட்டியபோது மார்லேன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.)

ஈ) உண்மையில் நடந்தது.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். அதை எழுதியும் வைத்திருந்தேன், அரைப் பக்கம்தான். நேற்றுச் சாயங்காலம் மார்லேன் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திடல்ல நின்னவங்களுக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியும். அவங்களுக்கு உன் கதை தேவையில்லை."

"நிக்காதவங்களுக்கு?"

"உன் ஆளுங்களா? தமிழ் படிக்கிறவங்களா?" கொஞ்சம் யோசித்தாள். "அவங்களையே சொல்லச் சொல்லு. அவங்க வாய் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். தாளைத் தரவில்லை.

ஆகவே அறிவிப்பு அறைக்குப் படியேறி வாருங்கள். அறை சின்னதுதான், ஜன்னல் திறந்திருக்கிறது. கீழே மாடத்தில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அங்கே பச்சைத் தொப்பி ஒன்று தெரிகிறது, நிமிர்ந்து பார்க்காமல். அதற்கு அப்பால் திடல். இத்தனை பேர் இத்தனை அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. வாக்கியத்தில் குதிரையின் பெயர் வரும்வரை யாருக்கும் சண்டை இல்லை, அதை மார்லேனே ஆரம்பித்துத் தருகிறாள். மைக் உங்கள் பக்கம் வருகிறது.

"போன சனிக்கிழமை கோப்பையை ஜெயிச்ச குதிரையின் பெயர்